படாலிக் வரைக்கும்

ஆகஸ்ட் 7, 2025, வியாழன், ஸ்ரீநகர்

திருச்சியில் விடியற்காலை கிளம்பி, சென்னை, டெல்லி என்று விமானம் மாறி மாறி ஸ்ரீநகரில் வந்து இறங்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. இறங்கியதுமே சித்தப்பாவின் போன் செத்துப்போனது. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் இங்கே எடுக்காது, போஸ்ட்பெய்ட் மட்டும்தான். என்னுடையது போஸ்ட்பெய்ட் என்பதால் பிழைத்தோம். "நான் சர்வீஸ்ல இருந்தப்போ ஒரு லெட்டர் வீட்டுக்குப் போய்ச் சேர இருபது நாள் ஆகும். நாலு நாள் பேசாட்டி உங்க சித்திக்கு ஒண்ணும் ஆயிடாது" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னார். அறைக்கு வந்து அரை மணி ஆகவில்லை, என் போனை வாங்கி, பிரஷர் மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்று சித்தியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவுக்கு 71 வயது. 1972-இல் ராணுவத்தில் சேர்ந்து, ராணுவத்துக்குச் சப்ளை கொண்டுபோகும் ஏ.எஸ்.சி. பிரிவில் லாரி ஓட்டி, 1996-இல் ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர். எங்கள் குடும்பத்தில் அவர் பெயரே மிலிட்டரி சித்தப்பா. லடாக் போகும் இந்த ரோட்டில் ஜோஜி லா கணவாய் தாண்டி அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போனவர். கார்கில் சண்டை வந்தபோது அவர் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

எதற்கு இந்தப் பயணம் என்று ஊரில் கேட்டவர்களுக்கு "லடாக் டூர்" என்று சொல்லிவிட்டேன். சரி, இங்கே எழுதலாம்.

1999 மே மாதக் கடைசி. நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போகக் காத்திருந்தேன். படாலிக் என்ற இடத்தில் 29-ஆம் தேதி மேஜர் மாரியப்பன் சரவணன் கொல்லப்பட்டார் என்று செய்தி வந்தது. திருச்சிக்காரர், 26 வயது, பீகார் ரெஜிமென்ட் முதல் பட்டாலியன். அப்பாவும் ராணுவத்தில் டாக்டராக இருந்தவர். ஊரே பேப்பரும் கையுமாக நின்றது. ஆனால் உடல் வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்தாச்சு, புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டாச்சு, ஜூன் முழுக்கப் போய்விட்டது. உடல் இன்னும் மலையிலேயே கிடக்கிறது என்றார்கள். ஜூலை பிறந்த பிறகுதான் அவரை எடுக்க முடிந்தது.

அந்த ஜூனில் ஒருநாள் கே.கே.நகரில் சித்தப்பா வீட்டில் மதியச் சாப்பாடு. சித்தி ரசம் ஊற்றிக்கொண்டே, "பெத்தவ என்ன பாடு படுவா? ஒரு மாசமா ஒரு பிள்ளையை எடுத்துட்டு வர முடியலையா இவங்களால?" என்று கேட்டார். சித்தப்பா தட்டைப் பார்த்தபடியே இருந்தார். அப்புறம், "உனக்கு என்னடி தெரியும் அங்க?" என்று கத்திவிட்டு எழுந்து போனார். கைகூடக் கழுவவில்லை. சோற்றில் ரசம் தேங்கி நின்ற அந்தத் தட்டு எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. சித்தி கேட்டது நியாயமான கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது. இன்று வரைக்கும்.

காலை நாலு மணிக்கு வண்டி.

ஆகஸ்ட் 8, வெள்ளி, திராஸ்

சோனமார்க் சுரங்கப்பாதையை இந்த வருஷம் ஜனவரியில்தான் திறந்தார்கள். ஆறரை கிலோமீட்டர். சித்தப்பா அதில் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பனிச்சரிவுக்குப் பயந்து பயந்து ஓட்டிய இடத்தைப் பத்து நிமிஷத்தில், டியூப்லைட் வெளிச்சத்தில் கடந்தால் அவருக்கு எப்படிப் பிடிக்கும்?

ஜோஜி லா இன்னும் பழைய ஜோஜி லாதான். 11,500 அடிக்குக் கொஞ்சம் மேலே. இதற்கும் கீழே சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், முடியவில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை, நடுவில் மாவு மாதிரி புழுதி. எதிரே லாரி வந்தால் யார் ஓரம் கட்டுவது என்பதற்கு இங்கே ஒரு மொழி இருக்கிறது. ஹாரன் இரண்டு தடவை, கை ஒரு தடவை. சித்தப்பா பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு காலால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். நம் டிரைவர் கார்கில்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியில் அதைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் இரண்டு பேரும் இந்தியில் நண்பர்கள் ஆகிவிட்டார்கள். 1948-இல் இந்த வழியாகத்தான் ஜெனரல் திம்மையா டாங்கிகளை மேலே ஏற்றினார் என்று டிரைவரிடம் சித்தப்பா வகுப்பே எடுத்தார். டிரைவர், "தெரியும் சாப், டூரிஸ்டுக்கு நான்தான் இதைச் சொல்லுவேன்" என்றார்.

கணவாயைத் தாண்டினால் மரம் நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் தேவதாரு, பைன் என்று பச்சை. இந்தப் பக்கம் மொட்டை மலை. ஒரே வளைவில் இந்த மாற்றம் நடந்துவிடுகிறது. பார்த்த உடனே, "நல்லா பாத்துக்க. நாளைக்கும் நாளன்னைக்கும் இதுதான்" என்றார் சித்தப்பா.

திராஸ் 10,700 அடிக்கு மேல். மனிதர் வாழும் இடங்களில் உலகிலேயே இரண்டாவது அதிகக் குளிர் என்று ஊர் வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள். யார் அளந்தார்களோ. எனக்கு மதியத்திலிருந்து தலைவலி மண்டையைப் பிளக்கிறது. ராஜ்மா சாதத்தில் பருப்புப்பொடி தூவிச் சாப்பிட்ட 71 வயதுக்காரருக்கு ஒன்றும் இல்லை. இதோடு நிறுத்துகிறேன்.

ஆகஸ்ட் 9, சனி, கார்கில்

காலையில் திராஸ் போர் நினைவிடம். நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. பின்னால் நேர் செங்குத்தாகத் தோலோலிங். படத்தில் பார்க்கும்போது நினைவிடத்துக்குப் போட்ட திரைச்சீலை மாதிரி தெரியும். நேரில் நின்றால் கழுத்தைப் பின்னால் சாய்க்க வேண்டியிருக்கிறது.

சுற்றுலா வந்தவர்களைக் கூட்டமாக உட்காரவைத்து ஒரு சிப்பாய் கதை சொல்கிறார். கையை நீட்டி, அது தோலோலிங், ஜூன் 13-இல் பிடித்தது. அதோ டைகர் ஹில், ஜூலை 4. அந்தப் பக்கம் பாயின்ட் 4875 சிகரம், கேப்டன் விக்ரம் பத்ரா. இருபத்துநாலு வயது இருக்கும் அவருக்கு. சண்டை முடிந்த பிறகு பிறந்த பையன். குரலில் ஏற்ற இறக்கம் எல்லாம் சரியாக இருந்தது, கைதட்டல் எங்கே வரும் என்பது வரை அவருக்குத் தெரியும். குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வார் பாவம்.

ஆனால் கவனித்தேன். எல்லாமே பிடித்த மலைகளின் கதை. ஜூன் நடுவிலிருந்துதான் கதை சூடு பிடிக்கிறது. மே மாதம் இரண்டு வாக்கியத்தில் போய்விடுகிறது. அந்த மே மாதத்தில் மேலே ஏறப் போனவர்களுக்கு, உச்சியில் இருப்பது யார், எத்தனை பேர் என்பதே சரியாகத் தெரியாது. ஏதோ கொஞ்சம் ஊடுருவல்காரர்கள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். இருந்தது பாகிஸ்தானின் வடக்கு லைட் இன்ஃபன்ட்ரி, பங்கர் கட்டி, இயந்திரத் துப்பாக்கி வைத்து. பின்னால் வந்த மாதிரியான பீரங்கி ஆதரவும் அப்போது இல்லை. முதலில் போனவர்கள் உயிரைக் கொடுத்துத்தான் மேலே என்ன இருக்கிறது என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. சரவணன் அந்த மே மாதத்து ஆள்.

வீர் பூமி என்று ஒரு பகுதி. வரிசை வரிசையாகக் கற்கள், ஒவ்வொன்றிலும் பெயரும் பட்டாலியனும். 527 பேர் அந்தப் போரில் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. முதல் பீகாரைத் தேடி நான் ஒரு பக்கமும் சித்தப்பா ஒரு பக்கமும் நடந்தோம். வெயில் சுட்டது, காற்று குளிர்ந்தது. இந்த ஊரில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும். இருபது நிமிஷம் கழித்து, "தம்பி, இங்க வா" என்று குரல் கேட்டது.

சித்தப்பா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். சல்யூட் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. குனிந்து, கல்லில் வெட்டியிருந்த எழுத்துக்குள் சேர்ந்திருந்த மண்ணைச் சுண்டுவிரல் நகத்தால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தார். ஒரு எழுத்து முடிந்ததும் ஊதுவார், அடுத்த எழுத்து. லாரி கார்ப்புரேட்டரைச் சுத்தம் பண்ணும்போது இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வேண்டாம் என்றார்.

சரவணன் வாழ்ந்தது இருபத்தாறு வருஷம், போய்ச் சேர்ந்தும் இருபத்தாறு வருஷம். அதை நான் வாய்விட்டுச் சொன்னபோது சித்தப்பா, "அவர் பொறந்த வருஷம்தான் நான் பட்டாளத்துல சேந்தேன்" என்றார். 1972. நாளைக்கு ஆகஸ்ட் 10, அவருடைய பிறந்தநாள். மே 29-க்கு வரத்தான் நினைத்தோம். இந்த வருஷ மே மாதம் எல்லையில் நடந்த இந்தியா-பாகிஸ்தான் மோதலை எல்லோரும்தான் பார்த்தோம். அதனால் இந்தத் தேதி.

திருச்சியில் கன்டோன்மென்ட்டில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது, அவர் பெயரில் சாலையும் இருக்கிறது. அந்த வழியாக எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பேன். ஆட்டோக்காரரிடம் "மேஜர் சரவணன் ரோடு" என்று சொல்லும்போது ஆள் யாரும் ஞாபகத்துக்கு வருவதில்லை, அங்கே இருக்கிற பல் டாக்டர்தான் வருகிறார். அப்படித்தான் ஆகும் போல.

சாயங்காலம் கார்கில் வந்து சேர்ந்தோம். பதிவு செய்திருந்த விடுதியில், அப்படி ஒரு பதிவே வரவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் டிரைவரே தன் மச்சான் வீட்டு மாடியில் அறை பிடித்துக் கொடுத்தார். ஜன்னலைத் திறந்தால் கீழே சுரு ஆறு. விடுதிக்காரருக்கு நன்றி சொல்லவேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு, படாலிக், மறுபடி கார்கில்

கார்கிலிலிருந்து படாலிக் அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நடுவில் ஹம்போடிங் லா கணவாய், 13,000 அடிக்கு மேல். இரண்டரை மணி நேரம் பிடித்தது. உச்சியில் நிறுத்தி இறங்கினால் நாலு பக்கமும் மலை, மலைக்குப் பின்னால் மலை, எல்லாம் காய்ந்த சாம்பல் நிறம். சத்தம் என்றால் மந்திரக் கொடிகள் படபடப்பது மட்டும்தான். நான் வண்டிக்கும் பாறைக்கும் நடுவே இருபதடி நடந்துவிட்டு மூச்சு வாங்கினேன். சரவணன் ஏறப் போன ஜூபார் உச்சி இதைவிட உயரம். அங்கே நம் ஊர்க் காற்றில் இருக்கும் பிராணவாயுவில் ஐந்தில் மூன்று பங்குதான் கிடைக்கும்.

அப்புறம் இறக்கம். வளைந்து வளைந்து கீழே போனால் அடியில் சிந்து நதி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த சிந்து. குறுகலான பாறை இடுக்கில் கலங்கலாக, அவசரமாக ஓடுகிறது. கொஞ்ச தூரத்தில் எல்லைக் கோட்டைத் தாண்டி பல்திஸ்தானுக்குப் போய்விடும். கரையில் பச்சையாகச் சின்னச் சின்னத் திட்டுகள், வாதுமை மாதிரி இலை வைத்த ஆப்ரிகாட் மரங்கள், வீட்டுக் கூரை மேல் பழம் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க, கூரைக்கு மஞ்சள் பூசின மாதிரி.

இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் உள்ளே போனால் தா, ஹானு, கார்கோன் கிராமங்கள். தலையில் பூ வைத்த புரோக்பா மக்களைப் படம் எடுக்கத்தான் நிறையப் பேர் இங்கே வருகிறார்கள், "சுத்த ஆரியர்" என்று ஒரு கதையைக் கேட்டுக்கொண்டு. எனக்கு அந்தக் கதையில் ருசி இல்லை. கார்கோனில் எனக்குத் தெரிந்த ஒரே பெயர் தாஷி நம்க்யால். 1999 மே 3-ஆம் தேதி, காணாமல்போன தன் யாக் மாட்டைத் தேடி பைனாகுலரோடு மலை ஏறினார். மேலே சில பேர் பள்ளம் தோண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு ராணுவத்துக்கு வந்து சொன்னார். இந்தப் போர் வெளியே தெரிய ஆரம்பித்தது அங்கேதான். போன டிசம்பரில் அவரும் காலமாகிவிட்டார்.

சோதனைச்சாவடியில் ஆதார் கார்டைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொண்டார்கள். சித்தப்பா தன் எக்ஸ்-சர்வீஸ்மேன் கார்டை நீட்டினார். அந்தப் பையன் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்று, டீ குடிக்கச் சொன்னான். எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். "எங்கயும் இல்ல. ஜூபாரைக் கீழே இருந்து பாக்கணும்" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான் முடியும், மேலே விடமாட்டோம், படம் எடுக்காதீர்கள் என்றான்.

கொஞ்ச தூரம் போய் டிரைவர் ஓரம் கட்டினார். கையை நீட்டி, "அந்தப் பக்கம் ஜூபார். அதுக்கும் அங்கே குகர்தாங், காலுபார்" என்றார். அவர் விரல் காட்டிய திசையில் குறைந்தது நாலு முகடு இருந்தது. எது என்று இரண்டு தடவை கேட்டேன். "சாப், அப்போ எனக்கு ஒன்பது வயசு. கார்கில் மேல ஷெல் விழுந்துச்சு, அம்மா எங்களை சாங்கூக்குக் கூட்டிட்டுப் போயிட்டா" என்றார். சரி, அந்த நாலில் ஒன்று. அதற்கு மேல் கேட்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மே 28 ராத்திரி சரவணனின் ஆட்கள் மேலே நகர்ந்தார்கள். 14,000 அடிக்கு மேல், பலமாகக் கட்டிய நிலை. விடியற்காலை நாலு மணிவாக்கில் தாக்குதல். மேலிருந்து சரமாரியாகச் சுட்டார்கள். அவரே ராக்கெட் லாஞ்சரைத் தோளில் வைத்து அடித்ததில் எதிரிகள் இரண்டு பேர் விழுந்தார்கள். குண்டுச் சிதறல் பட்டுக் காயம். பின்வாங்கவில்லை. விடிந்தபிறகு தலையில் குண்டு. அவரோடு அதே சண்டையில் விழுந்தவர் நாயக் கணேஷ் பிரசாத் யாதவ், பீகார்க்காரர். இரண்டு பேருக்கும் இறந்தபின் வீர் சக்ரா.

"ஆர்.எல்.லுன்னா எங்க காலத்துல கார்ல் குஸ்டாஃப்தான்" என்று சித்தப்பா சொல்ல ஆரம்பித்தார். "பதினாலு கிலோ. அதுக்கு ஒரு ஆள், குண்டு தூக்க ஒரு ஆள். மேஜர் எதுக்கு அதைத் தூக்கணும்? தூக்கவேண்டியவன் விழுந்திருக்கணும். இல்லன்னா நேரம் இல்லாம இருந்திருக்கணும்." இது அவருடைய ஊகம். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லாமல் ரோட்டை விட்டு இறங்கி, எதிர்ச் சரிவில் ஏற ஆரம்பித்தார்.

நான் பதறிப்போனேன். 71 வயது, பிரஷர். பின்னாலேயே ஓடினேன். ஓட முடியவில்லை, கால் வைத்த இடமெல்லாம் சரளை சரிந்து, ஓரடி ஏறினால் அரையடி கீழே இழுத்தது. எங்கள் பக்கத்திலிருந்து கல் உருண்டு போகிற சத்தம் எவ்வளவு நேரம் கேட்டது தெரியுமா? ராத்திரியில் ஒரு பட்டாலியன் இதில் சத்தம் இல்லாமல் எப்படி ஏறும்? நாற்பது அடி ஏறியிருப்போம். சித்தப்பா முழங்காலில் கையை ஊன்றி நின்றார். உதடு நீலமாக இருந்தது.

"இப்ப மேலேர்ந்து ஒருத்தன் சுடறான்னு வை. எங்கடா படுப்ப?"

சுற்றிப் பார்த்தேன். பாறை இல்லை, புதர் இல்லை. என் முழங்கால் உயரத்துக்கு எதுவுமே இல்லை. நான் போட்டிருந்த சிவப்பு ஜெர்கின் அந்தச் சரிவில் எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்திருக்கும்.

"ஒரு ஆளை இறக்க நாலு பேர் வேணும். நாலு பேர் கையும் ஸ்ட்ரெச்சர்ல. துப்பாக்கிய எவன் பிடிப்பான்? நாலு பேர் விழுந்தா, அந்த நாலு பேரை எடுக்கப் பதினாறு பேர். எந்த கமாண்டிங் ஆபீசர் அனுப்புவார்? அனுப்பாம அவர் எப்படித் தூங்குவார்?"

ஜூலை 6, 7 தேதிகளில்தான் அதே முதல் பீகார் ஜூபாரைப் பிடித்தது. பீரங்கிகள் மலையை நாள்கணக்கில் அடித்துப் பொடியாக்கிய பிறகு.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து, பேன்ட் பின்பக்கம் கிழிய இறங்கினோம். டிரைவர் கீழே நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். பூ வாங்கிப் போகவில்லை, பிறந்தநாள் என்று ஒன்றும் செய்யவில்லை. டிரைவரின் அத்தை வீடு அங்கே பக்கத்தில்தான். பழுத்த ஆப்ரிகாட் ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். தோல் நம் ஊர் மாம்பிஞ்சு மாதிரி மென்மை, உள்ளே தேன். கொட்டையைக் கல்லில் வைத்து உடைத்துப் பருப்பைத் தின்னக் கற்றுக்கொடுத்தார்கள். சித்தப்பா பன்னிரண்டு சாப்பிட்டார், எண்ணினேன்.

திரும்பி வரும் வழி முழுக்கத் தூங்கினார்.

இப்போது இரவு எட்டரை. கார்கில் அறை. என் போனை வாங்கி மாடிப்படிக்குப் போனார். வழக்கம்போல மாத்திரை, சாப்பாடு, பேத்தி, பால்காரர் கணக்கு. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பேசி முடித்துவிட்டார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். போனைக் காதில் வைத்தபடி படியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் சித்தி என்ன கேட்டார் என்று தெரியவில்லை.

"இல்லடி" என்றார். "மறைஞ்சுக்க ஒரு செடிகூட இல்ல. எடுக்கணும்னா அத்தனை பேரும் செத்திருப்பானுங்க."

அப்புறம், "ஆமா, அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றார்.